வீட்டுச் சாவி கையில... ஆனா வீடு இன்னும் யார் பேர்ல? வாலாஜாபாத்தில் வீடு வாங்குபவர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

பத்திரம் முடிஞ்சாச்சு. பால் காய்ச்சியாச்சு. சொந்தக்காரங்க வந்து சாப்பிட்டுட்டுப் போயாச்சு. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலையில் மின்வாரிய ஊழியர் வந்து ஃபியூஸைப் பிடுங்குகிறார். விசாரித்தால், கரண்ட் பில் கட்டவே இல்லையாம். பில் வந்ததே தெரியாதே என்றால், குறுஞ்செய்தி ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. பழைய ஓனரின் செல்போனுக்கு!

புது வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் பலரும் சந்திக்கும் முதல் தலைவலி இது. ஆனால் இது கடைசி தலைவலி இல்லை. வீடு வாங்கிய பணத்தைத் தந்து, சாவியை வாங்கி, குடியேறிய பிறகும் அந்த வீடு நான்கைந்து அலுவலகங்களின் கணக்கில் வேறொருவர் பெயரில்தான் இருக்கும். எதை முதலில் மாற்றுவது, எதை மாற்றாவிட்டால் என்ன ஆகும்? காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்தை வைத்தே பார்க்கலாம்.

ஏன் வாலாஜாபாத்?

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இந்த ஊர், பாலாற்றின் கரையில், செங்கல்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதையில் ஸ்டேஷன் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், சென்னை புறநகரில் விலை கட்டுப்படியாகாமல் இந்தப் பக்கம் வீடு தேடி வருகிறார்கள்.

இங்கே விற்பனைக்கு வரும் வீடுகள் பெரும்பாலும் இரண்டு ரகம். ஒன்று, வயல் மனையாகி, மனையில் எழும்பிய புது வீடு. இன்னொன்று, ஊருக்குள் இருக்கும் பழைய ஓட்டு வீடு அல்லது மாடி வீடு. ஒரு காலத்தில் தறி ஓடிய வீடாகக்கூட இருக்கலாம். இரண்டு ரகத்துக்கும் தலைவலி வேறு வேறு.

பத்திரம் பதிஞ்சா வீடு நம்ம பேருக்கு வந்துடாதா?

தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பதிவுக் கட்டணம் முன்பு 4 சதவீதமாக இருந்தது. 2023 மார்ச் இறுதியில் வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது 2 ஆகக் குறைத்தார்கள். ஆக மொத்தம் 9 சதவீதம். முப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய். இவ்வளவு பணம் கட்டின பிறகு எல்லாம் தானாக மாறிவிடும் என்று நினைப்பது நியாயம்தான்.

ஆனால் அந்தப் பணம் போனது பதிவுத்துறைக்கு. நிலத்தின் கணக்கு இருப்பது வருவாய்த்துறையில். வீட்டு வரி பேரூராட்சியில். மீட்டர் மின்வாரியத்தில். ஒவ்வொருவரிடமும் தனித்தனி கணக்கு. ஒரு கணக்கில் பெயர் மாறினால் இன்னொன்றில் தானாக மாறும் என்பது இப்போதைக்குப் பட்டாவில் மட்டும், அதுவும் சில சொத்துகளுக்கு மட்டும்தான் நடக்கிறது.

முகூர்த்த நாளில் பத்திரம் போடுபவர்களுக்கு ஒரு விஷயம். அன்று கூட்டம் அலைமோதும் என்பதால் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு வழக்கமான 100 டோக்கனுக்குப் பதில் 150 டோக்கன் வரை தருவது நடைமுறையில் உள்ளது. நல்ல நேரம் முக்கியம்தான். ஆனால் அந்த அவசரத்தில் சர்வே எண்ணையும், கதவு எண்ணையும், பெயரின் இனிஷியலையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டால், பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு இன்னொரு நாள் அலைய வேண்டும். விற்றவரும் கூட வர வேண்டும். காசு கைக்குப் போன பிறகு அவர் எத்தனை முறை வருவார் என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

பத்திரம் பதிந்த சில நாள்களில் வில்லங்கச் சான்று ஒன்று போட்டுப் பாருங்கள். உங்கள் கிரயம் அதில் ஏறியிருக்க வேண்டும். விற்றவர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வாங்கி அடைத்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது பத்திரமும் பதிவாகியிருக்க வேண்டும். பணத்தைக் கட்டிவிட்டு ரசீதைப் பதியாமல் விட்டுவிடுபவர்கள் உண்டு. அப்படி விட்டால், பல வருடம் கழித்து நீங்கள் வீட்டை வைத்துக் கடன் கேட்கும்போது, என்றோ அடைத்த கடன் வில்லங்கத்தில் எட்டிப் பார்க்கும்.

பட்டா: ரொம்ப சுலபம், ரொம்ப கஷ்டம்

ஒரு சர்வே உட்பிரிவில் உள்ள நிலம் முழுவதையும் ஒருவரே விற்று, நீங்களே வாங்குகிறீர்கள் என்றால் பட்டா சுலபம். அளக்க வேண்டியதில்லை என்பதால், பதிவு முடிந்ததும் விவரம் ஆன்லைனில் வருவாய்த்துறைக்குப் போய், பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிடும். விற்றவரின் பெயர் பட்டாவிலும் பத்திரத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

சிக்கல் உட்பிரிவில் வருகிறது. ஒரு பெரிய நிலத்தில் ஒரு துண்டை மட்டும் வாங்கினால் சர்வேயர் நேரில் வந்து அளந்து, வரைபடம் போட்டு, புது உட்பிரிவு எண் கொடுத்த பிறகுதான் பட்டா. வாலாஜாபாத் சுற்றுப்பகுதியில் வயலை மனையாக்கிய இடங்களில் இதுதான் அதிகம். லேஅவுட் போட்டவர் காலத்திலேயே உட்பிரிவு செய்யாமல் விட்டிருந்தால், பத்து வீடு எழும்பிய பிறகும் பட்டா பழைய விவசாயி பெயரில் இருக்கும். அல்லது முன்பின் தெரியாத எட்டு பேரோடு சேர்த்துக் கூட்டுப்பட்டாவாக இருக்கும்.

மனை அங்கீகாரம் பெற்றதா என்பதையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் அரசு திட்டம் கொண்டுவந்தது. நீங்கள் வாங்கும் வீடு அப்படிப்பட்ட மனையில் இருந்தால், விற்பவரிடமிருந்து வரன்முறை ஆணையின் நகலை வாங்காமல் விடாதீர்கள். ‘அதெல்லாம் கட்டியாச்சு சார்’ என்ற வாய்வார்த்தை வங்கியில் செல்லாது.

ஊருக்குள் இருக்கும் பழைய வீடு என்றால் நிலம் நத்தம் வகையாக இருக்கலாம். வீடு கட்டிக் குடியிருக்க என்று அந்தக் காலத்திலேயே ஒதுக்கிய இடம்தான் நத்தம். இதற்குத் தனிப் பட்டா, தனிப் பதிவேடு. ஆன்லைனில் பட்டா பார்க்கும்போது சாதாரண கிராமப்புற நிலம் என்று தேடிவிட்டு ‘காட்டவில்லையே’ என்று பதறுபவர்கள், நத்தம் என்ற பிரிவில் ஒருமுறை தேடிப் பார்க்கலாம்.

சரி, பட்டா மாற்றாமல் விட்டால் என்ன ஆகிவிடும்? பட்டா மட்டுமே உரிமை ஆவணம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உங்கள் கிரயப் பத்திரம்தான் பலமான ஆவணம். ஆனாலும் சாலை விரிவாக்கத்துக்கோ வேறு திட்டத்துக்கோ அரசு நிலம் எடுத்தால் நோட்டீஸ் போவது வருவாய்க் கணக்கில் இருக்கும் பெயருக்குத்தான். பரந்தூர் விமான நிலையம், தொழில் வழித்தடம் என்று நிலமெடுப்புப் பேச்சு ஓயாத மாவட்டம் இது. இழப்பீடு உங்களுக்கு என்று நிரூபிக்க, வீட்டை விற்றவரின் வாரிசுகளோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டி வரும். விற்றவர் உயிரோடு இருக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்வதும், அவர் போன பிறகு நான்கு வாரிசுகளைத் தேடி அலைவதும் ஒன்றா?

பட்டா மனு தள்ளுபடியானால் ஏன் என்று எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். தாசில்தார் அளவில் முடியாவிட்டால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டு வரியும் கரண்ட்டும்

பேரூராட்சியில் சொத்து வரியை உங்கள் பெயருக்கு மாற்ற கிரயப் பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது ஆகியவை வேண்டும். பழைய பாக்கி இருந்தால் அதைக் கட்டாமல் பெயர் மாறாது. வரி பாக்கி ஆளோடு போகாது, வீட்டின் மேல்தான் நிற்கும். முன்பணம் கொடுக்கும்போதே பேரூராட்சியின் வரி எண்ணை வாங்கி ஆன்லைனில் பாக்கி பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு.

மாடியில் புதிதாக ஓர் அறை எடுத்துவிட்டு வரி மட்டும் பழைய அளவுக்கே போய்க்கொண்டிருக்கும் வீடுகளும் உண்டு. பெயர் மாற்றப் போகும்போது இது தெரிந்தால் மறு அளவீடு நடக்கும். ‘ஏன்டா போனோம்’ என்று தோன்றும். ஆனால் தள்ளிப்போட்டாலும் இது எப்போதாவது வெளியே வரத்தான் போகிறது.

இனி மின்சாரம். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முந்தைய ஓனர் வைத்த மின்கட்டணப் பாக்கிக்கு நாம் பொறுப்பா? ‘நான் என்ன தப்பு செஞ்சேன்’ என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. கே.சி.நினான் எதிர் கேரள மின்வாரியம் என்ற வழக்கில் 2023 மே மாதம் தீர்ப்பு வந்தது. மின் விநியோக விதிகளில் இடம் இருந்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புதிய உரிமையாளரிடம் மின்வாரியம் நிபந்தனை போடலாம் என்பதே அதன் சாரம். அதனால் பத்திரத்துக்கு முந்தைய நாள் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாக்கியைப் பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

பெயர் மாற்றத்துக்கு மின்வாரிய இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பத்திரம், புதிய பெயரில் உள்ள சொத்து வரி ரசீது போன்ற ஆவணமும், முடிந்தால் பழைய ஓனரின் சம்மதக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதம் எதற்கு? இணைப்பு வாங்கியபோது அவர் கட்டிய பாதுகாப்பு வைப்புத்தொகை அவர் பெயரில் இருக்கிறது. அதை உங்களுக்கு மாற்ற அவர் சம்மதிக்க வேண்டும். அவர் வெளியூர் போய்விட்டால், அல்லது இறந்துவிட்டால், நீங்கள் உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வைப்புத்தொகையை இப்போதைய விகிதத்தில் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். எனவே பத்திரம் பதியும் அன்றே, சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே, அந்தச் சம்மதக் கடிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. அன்றைக்கு அவரும் சந்தோஷமாக இருப்பார்.

வாலாஜாபாத் மாதிரி நெசவு நடக்கும் பகுதியில் இன்னொன்றும் உண்டு. வீட்டில் தறி போட்டு நெய்யும் கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை இலவச மின்சாரம் உண்டு. 2023 மார்ச் வரை இது 200 யூனிட்டாக இருந்தது. இப்படிப்பட்ட வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், விற்பவர் ‘இந்த வீட்டுக்குக் கரண்ட் பில்லே வராதுங்க’ என்று பெருமையாகச் சொல்லக்கூடும். அது வீட்டுக்கான சலுகை இல்லை, நெய்பவருக்கான சலுகை. தறி போனால் சலுகையும் போகும். எல்லா வீடுகளுக்கும் உள்ள 100 யூனிட் இலவசம் மட்டும்தான் உங்களுக்கு. இதை மறைத்து ஓட்டிக்கொண்டிருந்தால், என்றைக்காவது கணக்குப் பார்த்து மொத்தமாகக் கட்டச் சொல்வார்கள்.

அதேபோல முன்பக்கம் பெட்டிக்கடை நடந்த வீடு என்றால், ஒரு மீட்டர் வணிகக் கட்டணத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கடையை எடுத்துவிட்டால் வீட்டு உபயோகத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். யாரும் தானாக வந்து மாற்றித் தர மாட்டார்கள்.

விலாசத்துக்கு விலாசம் கேட்கும் கதை

ஆதாரில் முகவரி மாற்ற முகவரிச் சான்று கேட்பார்கள். சான்றாக கரண்ட் பில் காட்டலாம் என்றால் அது பழைய ஓனர் பெயரில் இருக்கும். கேஸ் பில்லைக் காட்டலாம் என்றால் கேஸை மாற்ற ஆதார் கேட்பார்கள். இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுபவர்கள் ஏராளம்.

வட்டத்தை உடைக்க வழி உண்டு. கையில் இருக்கும் பதிவு செய்த கிரயப் பத்திரத்தை வைத்து சொத்து வரியை மாற்றுங்கள். வரி ரசீதை வைத்து மின் இணைப்பை மாற்றுங்கள். உங்கள் பெயரில் வரி ரசீதும் கரண்ட் பில்லும் வந்துவிட்டால் ஆதாருக்குச் சான்று தயார். குடும்பத்தில் ஒருவருக்கு முகவரி மாறிவிட்டால், குடும்பத் தலைவர் அடிப்படையில் மற்றவர்களுக்கும் மாற்றும் வசதி 2023 ஜனவரி முதல் இருக்கிறது. ஆதார் மாறிய பிறகு ரேஷன், கேஸ், வங்கி எல்லாம் வரிசையாக விழும்.

ரேஷன் அட்டையை மாற்றாமலே இருந்தாலும் அரிசி, சர்க்கரையை வேறு கடையில் வாங்க வழி இருக்கிறது. ஆனால் பொங்கல் தொகுப்பு டோக்கன் பழைய ஊர்க் கடையில்தான் இருக்கும். தாம்பரத்திலிருந்து குடிவந்தவர், கரும்புக்காகத் தாம்பரம் போக வேண்டும்!

கேஸ் விஷயம் சுருக்கமானது. அதே பகுதி, அதே கம்பெனி என்றால் ஏஜென்சியை மட்டும் மாற்றினால் போதும். வெளியூரிலிருந்து வருகிறீர்கள் என்றால் பழைய ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கி, மாற்றுச் சீட்டுடன் புதிய ஏஜென்சிக்குப் போக வேண்டும். புது இடத்தில் இன்றைய விகிதத்தில் வைப்புத்தொகை கட்ட வேண்டும். சாமான் ஏற்றும் வண்டியில் சிலிண்டரையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டு, பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவது வீண் அலைச்சல்.

பலரும் கடைசியாக நினைப்பது வாக்காளர் பட்டியல். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது 2025-ல் தெரிந்தது. நவம்பர் 4 முதல் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம் நடந்தது. டிசம்பர் 19-ல் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல், முகவரி மாறிப் போனவர்கள் அல்லது அந்த முகவரியில் இல்லாதவர்கள் என்று கணக்கு. வீடு மாறியவர்கள்தான் இதில் முதல் பலி. பழைய முகவரியில் ஆள் இல்லை என்று பெயரை எடுத்துவிடுவார்கள். புதிய முகவரியில் நீங்கள் சேர்த்திருக்க மாட்டீர்கள். பட்டியலில் பெயர் இருக்கும்போதே படிவம் 8 கொடுத்தால் புதிய முகவரிக்கு மாறிக்கொள்ளலாம். பெயர் போய்விட்டால் படிவம் 6 கொடுத்து புதிதாகச் சேர வேண்டும்.

இந்த அலைச்சல் எல்லாவற்றிலும் ஒரு சின்ன வில்லன் கூடவே வருவான்: கதவு எண். பத்திரத்தில் பழைய எண், வரி ரசீதில் புதிய எண், மின் அட்டையில் மனை எண். மூன்றும் ஒரே வீடுதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. சொத்து வரி பெயர் மாற்றும்போதே ‘பழைய எண், புதிய எண்’ இரண்டும் ரசீதில் வரும்படி கேட்டு வாங்குவது பிற்பாடு உதவும்.

முதல் மழையில் சுவர் ஒழுகினால்?

காகிதம் எல்லாம் சரியாகிவிட்டது. ஐப்பசி மழை பிடிக்கிறது. புது வீட்டின் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறுகிறது. கட்டியவருக்குப் போன் போட்டால் ‘மழைன்னா அப்படித்தான் சார் இருக்கும், வெயில் வந்தா காஞ்சிடும்’ என்கிறார்.

அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின் 14-வது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையோ, வேலைத்தரக் குறையோ தெரியவந்து நீங்கள் புகார் சொன்னால், கட்டியவர் 30 நாள்களுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். போனில் சொல்வதோடு நிறுத்தாமல் தேதி போட்டு, புகைப்படத்துடன் எழுத்தில் அனுப்பி வைப்பது அவசியம்.

ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்படாமல் கட்டும் திட்டங்களுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. வாலாஜாபாத்தில் மேஸ்திரியோ உள்ளூர் பில்டரோ ஒரு மனையில் கட்டி விற்கும் தனி வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள்தான் வரும். அங்கே உங்களுக்கு இருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். அதற்கு இரண்டு ஆண்டு கால வரம்பு. ‘பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்’ என்று தள்ளினால் வரம்பு போய்விடும்.

பழைய வீடு வாங்கியவர்களுக்கு வேறு கதை. தறி இருந்த வீட்டில் தரைக்குக் கீழே தறிக்குழி இருக்கும். நெசவாளர் கால் மிதிக்கத் தோண்டிய குழி அது. டைல்ஸ் போடும் அவசரத்தில் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடி, மேலே சிமெண்ட் பூசிவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த இடம் அமிழும். மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, மேலே கான்கிரீட் போட்ட பிறகுதான் டைல்ஸ். கூடத்தில் நடக்கும்போது ஓரிடத்தில் மட்டும் சத்தம் வெற்றாகக் கேட்டால், முன்னமே யாரோ அவசரமாக மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பாலாற்றை வறண்ட ஆறு என்று நினைத்து, கரையோரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் 2021 நவம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த வெள்ளத்தில் வாலாஜாபாத் - அவளூர் தரைப்பாலம் சேதமாகி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த கிராமத்தினர் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வீடு பார்க்கப் போகும்போது, அந்த வருடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் யாரையாவது கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள். பிரதான சாலை ஓரத்து வீடு என்றால் ராத்திரியிலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். குவாரி லாரிகள் ஓடும் சாலைக்கும் பகலில் பார்த்த சாலைக்கும் நிறைய வித்தியாசம்.

சாவி வாங்கும் அன்று விற்றவரைக் கையோடு அழைத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். போர் எத்தனை அடி, மோட்டார் எந்த அடியில் இறக்கியிருக்கிறது, மெயின் வால்வு எங்கே என்று கேட்டு, செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக செப்டிக் டேங்க் மூடி எங்கே என்று கேளுங்கள். பல வீடுகளில் அதன் மேலேயே டைல்ஸ் ஒட்டி அழகாக மூடியிருப்பார்கள். கழிவுநீர் லாரி வாசலில் வந்து நிற்கும்போது எந்த டைல்ஸை உடைப்பது என்று யாருக்கும் தெரியாது.